இரு கரங்களில் ஒரு செங்கோல்



ஒரு செங்கோலை இருவர் ஏந்துவது எளிதன்று. எத்தியோப்பிய வரலாறு இதற்குச் சான்று பகரும். 1916-இல் பிரபுக்கள், முடிசூடாது ஆண்ட இயாசுவை நீக்கி, இரண்டாம் மெனலிக்கின் மகள் ஸவ்திட்டுவை அரியணையேற்றினர். அதற்கு ஈடாக அவ்வம்மையார் தம் கணவர் குக்ஸாவைப் பிரிய நேர்ந்தது. இளைஞர் ராஸ் தபரி அரசப் பிரதிநிதியானார்.

பேரரசி பழமையையும் சமயத்தையும் பேணினார். தபரியோ பள்ளியும் அச்சகமும் நிறுவினார். 1923-இல் நாட்டைச் சர்வதேச சங்கத்தில் சேர்த்தார். படிப்படியாக அதிகாரம் அவர்பால் சாய்ந்தது. 1928-இல் பேரரசியே அவருக்கு ‘நெகுஸ்’, அதாவது மன்னர், என்னும் பட்டத்தைச் சூட்டினார்.

1930-இல் குக்ஸா படைதிரட்டி எழுந்தார். விமானத் துணையுடன் எதிர்த்த அரசுப்படை, மார்ச் 31-இல் அவரை வீழ்த்தியது. ஏப்ரல் 2-இல் பேரரசியும் மறைந்தார். தபரி, ஹைலே செலாசி என்ற பெயருடன் முடிசூடினார்.

புதுமை வென்றது என்று கூறி இவ்வரலாற்றை முடித்துவிட எனக்கு மனமில்லை. முடியின் மதிப்பு ஸவ்திட்டுவிடம் இருந்தது. அந்த நிழலிலேதான் தபரியின் சீர்திருத்தங்கள் வேரூன்றின. வென்றவரைப் போற்றும்போது, விலை கொடுத்தவரையும் நாம் நினைத்தல் வேண்டும்.