தலைக்குள் இருப்பதும் கணனிக்குள் இருப்பதும்
(சங்க ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



ஒரு நிறுவனத்தில் வேலை செய்வோரின் அறிவைக் கணனியின் துணைகொண்டு எவ்வாறு பேணலாம் என்பதே எனக்குத் தரப்பட்ட பொருள். பல்கலைக்கழகத்தில் இதற்கு 'அறிவு முகாமைத்துவம்' என்று பெரிய பெயர் சூட்டியிருக்கின்றார்கள். பெயரைக் கேட்டு அஞ்ச வேண்டாம். முப்பது ஆண்டு வேலை செய்த ஒருவர் இளைப்பாறும்போது மேசைச் சாவியை ஒப்படைக்கின்றார். தலைக்குள் இருப்பதை ஒப்படைப்பதில்லை. அதனை என்ன செய்வது என்பதுதான் கேள்வி.

கணனிகளை வாங்கிக் கோவைகளையெல்லாம் அவற்றில் ஏற்றிவிட்டால் காரியம் முடிந்தது என்று எண்ணுவோர் பலர். நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். அவ்வெண்ணத்தை மாற்றியது ஸெரொக்ஸ் என்னும் அமெரிக்கக் கம்பனியின் கதை.

மானிடவியலாளர் என்றால் காட்டுவாழ் குடிகளைத் தேடிப் போகிறவர் என்று நினைப்போம். ஜூலியன் ஓர் என்னும் மானிடவியலாளரோ 1980களில், பிரதி எடுக்கும் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் ஸெரொக்ஸ் திருத்துநர்களோடு கூடித் திரிந்தார். கம்பனி அவர்களுக்குக் கைந்நூல் கொடுத்திருந்தது. இன்ன பழுதென்று இயந்திரம் காட்டினால் இன்ன பாகத்தைப் பார் என்று அதிலே படிப்படியாக எழுதியிருந்தது. ஆயின் கைந்நூல் அறியாத பழுதுகள் தோன்றிக்கொண்டே இருந்தன. இயந்திரம் ஓரிடத்தைக் காட்டும். நோய் வேறோரிடத்தில் இருக்கும். அவ்வேளைகளில் திருத்துநர்களுக்குக் கைகொடுத்தவை, உணவுக்குக் கூடுமிடத்தில் ஒருவருக்கொருவர் சொன்ன கதைகளே. மேலதிகாரிகளுக்கு வீண்பேச்சாகத் தோன்றக்கூடிய அப்பேச்சுத்தான் அத்தொழிலின் உண்மையான நூல்நிலையம் என்பதை ஓர் கண்டார். அவருடைய நூல் 1996இல் வெளிவந்தது.

அக்கம்பனியின் ஆராய்ச்சி நிலையம் கலிபோர்ணியாவில் இருந்தது. அங்கிருந்த அறிஞர்கள் முதலிலே பழுதை ஆராய்ந்து சொல்லும் சாமர்த்தியமான கணனி முறை ஒன்றை அமைத்தார்கள். திருத்துநர்கள் அதனை மெச்சினார்கள்; ஆனால் வேண்டியது அதுவன்று என்றார்கள். கைந்நூலில் உள்ளதைக் கணனி திரும்பச் சொல்வதால் என்ன பயன்? அதில் இல்லாதது அல்லவா வேண்டும்!

ஆகவே 1990களின் தொடக்கத்திலே 'யுரேக்கா' என்னும் முறை பிரான்சு நாட்டில் பிறந்தது. ஆர்க்கிமிடீஸ் குளிப்பிடத்திலிருந்து கூவியதாகச் சொல்லப்படும் அதே சொல்தான். அந்நாட்டு வீடுகளில் தொலைபேசிக் கம்பி வழியே இயங்கிய 'மினிற்றெல்' என்னும் எளிய கருவி (2012இல் அது நிறுத்தப்பட்டது) அதற்குப் போதுமாயிருந்தது. தான் கண்ட புதிய பழுதையும் பரிகாரத்தையும் திருத்துநர் ஒரு குறிப்பாக எழுதுவார். தேர்ந்த சக திருத்துநர் அதனைச் சோதித்துச் சரியென்று ஒப்பிய பின்னரே அது மற்றவர்களுக்குப் போகும்.

இங்கேதான் விஷயம் சுவையாகின்றது. நான் படித்த மிஷன் பாடசாலையில், தாலந்தை மண்ணில் புதைத்த ஊழியனின் கதையைச் சொல்லி எங்களைக் கண்டிப்பார்கள். ஆனால் சம்பளத்துக்கு வேலை செய்பவன் தன் தாலந்தைப் புதைக்க நியாயம் உண்டு. தெரிந்ததையெல்லாம் எழுதிக்கொடுத்த பின் தன்னை வைத்திருப்பார்களா என்ற பயம் அது. அதனைச் சோம்பல் என்று பழிப்பது தவறு. குறிப்புக்குப் பணம் கொடுக்கலாமா என்ற யோசனை எழுந்தபோது, அம்முறையை அமைக்க உதவிய திருத்துநர்களே அதனை விரும்பவில்லை. பணம் வந்தால் குறிப்புகள் பெருகும், தரம் குறையும் என்று கருதினார்கள். கண்டறிந்தவர் பெயர் குறிப்போடு நிற்கவேண்டும் என்பதே அவர்கள் விருப்பம். அவ்வாறே பெயர் நின்றது, குறிப்புகளும் வந்தன.

பின்னர் யுரேக்கா கனடாவுக்கும் வேறு நாடுகளுக்கும் பரவியது. பிரேசில் நாட்டிலே பெருவிலையுள்ள வர்ண இயந்திரம் ஒன்று திருந்த மறுத்து, அதனை மாற்றிக் கொடுக்கும் நிலை வந்தது. மொன்றியல் நகரத்துத் திருத்துநர் ஒருவர் பதிந்த குறிப்பை அங்குள்ளவர் கண்டார். கோளாறு பியூஸ் தாங்கியில். அதன் விலையோ சில சதங்கள்! 

எல்லாவற்றையும் எழுத்தில் அடக்கலாம் என்று இதனாற் கொள்ளலாகாது. 1985இல் ஜப்பானின் மற்சுஷிற்றா கம்பனி, வீட்டிலே பாண் சுடும் இயந்திரம் செய்ய முயன்றது, பாண் சரிவரவில்லை. இக்குக்கோ தனாக்கா என்னும் பெண்மணி ஒசாக்கா ஹோட்டல் ஒன்றின் தலைமை வெதுப்புநரிடம் போய் மாப்பிசையக் கற்றார். அவர் மாவை இழுத்து முறுக்குவதைக் கையாற் செய்து பார்த்த பின்னரே இயந்திரத்தின் உட்புறத்தைத் திருத்தும் வழி தெரிந்தது. அந்த வெதுப்புநரிடம் குறிப்பெழுதக் கேட்டிருந்தால் என்ன எழுதியிருப்பார்?

இக்காலத்திலோ கேட்டதற்கெல்லாம் வாக்கியமாகவே பதில் எழுதும் கணனிகள் வந்துவிட்டன. நிறுவனங்கள் தங்கள் கோவைகளை அவற்றுக்கு ஊட்டுகின்றன. நானும் அவற்றைப் பயன்படுத்துகின்றேன். பயனுடையவை என்பதில் ஐயமில்லை. ஆனால் பல குறிப்புகளைக் கலந்து ஒரு பதில் வரும்போது மொன்றியல்காரரின் பெயர் எளிதில் உதிர்ந்துவிடும். பெயர் உதிர்ந்தால் அடுத்த குறிப்பை அவர் எழுதுவாரா என்பதே என் சந்தேகம். இதில் மாறுபட்ட கருத்துடையோர் இச்சபையில் இருப்பார்கள். அவர்கள் சொல்வதைக் கேட்க ஆவலாயிருக்கின்றேன்.