பருத்தி மானியமும் பங்குக் குடியானவனும்



அரசாங்கம் உழவனுக்குப் பண உதவி அளித்தால், அது அவன் கையிற் போய்ச் சேரும் என்றே நாம் எண்ணுகிறோம். அவ்வெண்ணம் எவ்விடத்தில் பொய்க்கக் கூடும் என்பதற்குச் சான்றாக, அமெரிக்க நாட்டின் அர்க்கன்சாஸ் மாநிலத்திலுள்ள பாய்ன்செட் கவுண்டியின் வரலாற்றை இன்று எடுத்துரைக்க விரும்புகிறேன். கவுண்டி என்பது நம் மாவட்டத்தினும் சிறியதோர் ஆட்சிப் பிரிவு.

1929ஆம் ஆண்டில் ராத்தல் ஒன்றுக்குச் சுமார் 17 சென்ட் விற்ற பருத்தி, 1932இல் 7 சென்டுக்கும் கீழே இறங்கிற்று. ஆகவே, 1933 மே மாதத்தில் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் வேளாண்மைச் சீரமைப்புச் சட்டத்தில் கையொப்பமிட்டார். சாகுபடியைக் குறைப்பவருக்கு அரசாங்கம் பணம் தரும். சரக்குக் குறைந்தால் விலை ஏறும் என்பதே அதன் கருத்து. அக்கோடையில், செழித்து நின்ற பருத்தியில் ஒரு கோடி ஏக்கருக்கு மேல் உழுது அழிக்கப்பட்டது. வரிசைகளுக்கு இடையே நடக்கப் பழகிய கோவேறு கழுதைகள், செடியின்மேற் கால் வைக்க மறுத்து நின்றன என்று சொல்வார்கள். விலையும் 10 சென்டை எட்டிற்று. சட்டத்தின் நோக்கம் அவ்வளவில் நிறைவேறியது.

ஆனால், அந்நிலங்களிற் பெரும்பகுதியை உழுதவர்கள் பங்குக் குடியானவர்கள். நிலமும் கருவியும் நிலக்காரருடையவை; உழைப்பு இவர்களுடையது; விளைவிற் பாதி கூலி. நான் பல்லாண்டு கணக்குப் பாடம் போதித்தவன். ஆதலின், இதனைக் கணக்காகவே கூறுகிறேன். 1934-35 ஒப்பந்தப்படி, பயிரிடாது விட்ட பருத்தியில் ராத்தலுக்கு மூன்றரை சென்ட் நில வாடகை. அது முழுவதும் நிலக்காரருக்கு. மேலும் ஒரு சென்ட் உதவித் தொகை. அதிற் பாதியே குடியானவனுக்கு. நூறு ராத்தலுக்கு 450 சென்ட் வந்தால், நிலக்காரருக்கு 400, குடியானவனுக்கு 50. அந்த 50 சென்டும் நிலக்காரர் கை வழியாகவே வர வேண்டும். பழைய கடனுக்கு ஈடாக அங்கேயே தங்கிவிடுவதும் உண்டு.

நிலம் தரிசாகக் கிடந்தால் ஆட்கள் எதற்கு? குடியானவர் தொகையை இயன்றவரை குறைக்கலாகாது என்று ஒப்பந்தம் கூறியும், பல குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. 1934 ஜூலையில், டைரான்சா என்னும் சிற்றூரில், வெள்ளையர் பதினொருவரும் கறுப்பர் எழுவரும் ஒன்றாய் அமர்ந்து, தென்னகக் குத்தகை உழவர் சங்கத்தைத் தொடங்கினர். நிறப் பாகுபாடு கோலோச்சிய அந்நாளில் அஃது எளிய செயலன்று. அடியும் உதையும் பட்டும் அவர்கள் கலையவில்லை.

1936 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தைச் செல்லாதென்றது. பின்வந்த சட்டங்கள் குடியானவனுக்கும் பங்கு வகுத்தன. உடனே நிலக்காரர் சிலர், குடியானவனை நாட்கூலியாளாக மாற்றி, முழுப் பங்கையும் தாமே பெற்றனர்! சங்கம் பிறந்த இடத்தில் 2006 முதல் ஓர் அருங்காட்சியகம் விளங்குகிறது.

மாணவர்களே, எந்த உதவித் திட்டத்தைப் படித்தாலும், எத்தனை கோடி என்பதோடு நின்றுவிடாதீர்கள். சட்டம் யாரை உழவன் என்கிறது? அதற்கு அத்தாட்சி கலப்பையா, பத்திரமா? பத்திரமில்லாது உழைப்பவனுக்கு என்ன கிடைக்கும்? இம்மூன்று வினாக்களையும் கேட்கக் கற்றவரே பொருளாதாரம் கற்றவர்.