நிரலர் அவைக்கு ஓர் அழைப்பு



மொழி வளர்ச்சிக்கென அமைந்த மேடையில் கணினி நிரலாக்க மொழியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இந்த மேடைக்கும் இந்தப் பொருளுக்கும் என்ன உறவு என்று உங்களுள் சிலர் எண்ணியிருக்கக்கூடும். உறவு உண்டு. நிரலாக்க மொழியும் மனிதர் வகுத்த மொழியே. அதற்கும் சொல் உண்டு, தொடர் உண்டு, இலக்கணம் உண்டு. அதைப் பேணும் ஒரு சமூகமும் உண்டு. அச்சமூகத்தினர் ஆண்டுதோறும் ஓரிடத்தில் கூடுகின்றனர். அந்த அவைக்கு நம் ஆசிரியர்களும் மாணவர்களும் செல்லவேண்டும். சென்று கேட்பதோடு அமையாமல், அங்கே எழுந்து பேசவும் வேண்டும். இந்த ஒரு வேண்டுகோளை முன்வைக்கவே இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

நிரலாக்க மொழிகள் பல. அவற்றுள் பைத்தான் என்னும் மொழியை எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். சிங்கப்பூர் உயர்நிலைப் பள்ளிகளில் கணினியியலைப் பாடமாக எடுக்கும் மாணவர் எழுதுவது இந்த மொழியில்தான். ஆய்வுக்கூடங்களிலும் அலுவலகங்களிலும் அதுவே பரவலாகப் பயன்படுகிறது. ஆகவே நம் பிள்ளைகளில் பலருக்கு அது அறிமுகமான மொழி.

பைத்தானை உருவாக்கியவர் கைடோ வான் ரோசம். 1989 டிசம்பரில், நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் நகரிலுள்ள ஆய்வு நிறுவனமொன்றில் பணியாற்றியபோது அவர் அதை எழுதத் தொடங்கினார். 1991 பிப்ரவரியில் அது பொதுமக்கள் பயன்பாட்டிற்கு வெளிவந்தது. மூன்று ஆண்டுகள் கழித்து, 1994-இல், அம்மொழியைப் பயன்படுத்தி வந்தோரிடையே ஒரு கேள்வி எழுந்தது. கைடோ மீது நாளை ஒரு பேருந்து மோதிவிட்டால் இந்த மொழியின் கதி என்ன? கேள்வி வேடிக்கையாகத் தோன்றினாலும் அதன் உட்பொருள் கனமானது. ஒரே மனிதரை நம்பி வாழும் மொழி அவரோடு மறைந்துபோகும். அப்படியானால் அதைக் கற்று, அதைக்கொண்டு தம் பணிகளைக் கட்டியெழுப்பியவர்கள் என்ன செய்வார்கள்?

அதே 1994-ஆம் ஆண்டு நவம்பரில், அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் பைத்தான் பயனர்களின் முதல் பயிலரங்கு நடந்தது. வந்தவர்கள் சுமார் 20 பேர். இந்த மண்டபத்தின் முன்வரிசைகளை நிரப்பக்கூடிய எண்ணிக்கை அவ்வளவே. அன்று முதல் கூட்டங்கள் தொடர்ந்தன. 2001-இல் மொழியைப் பேணுவதற்கென ஓர் அறக்கட்டளை அமைந்தது. 2003-இல் பைக்கான் என்னும் பெயரில் முதல் மாநாடு வாஷிங்டனில் நடைபெற்றது. பின்னர் அப்பெயரைத் தாங்கிய மாநாடுகள் உலகின் பல நாடுகளுக்கும் பரவின.

இனி நம் வட்டாரத்திற்கு வருவோம். ஆசிய பசிபிக் பகுதிக்கான முதல் பைக்கான் மாநாடு 2010-இல் நடந்தது. நடந்த இடம் சிங்கப்பூர். அதன்பின் ஜப்பான், தைவான், கொரியா எனச் சென்ற அந்த மாநாடு, 2017-இல் கோலாலம்பூரிலும் 2018-இல் மீண்டும் சிங்கப்பூரிலும் கூடியது. வேறோர் உலகத்து நிகழ்ச்சியாக நாம் நினைப்பது நம் வீட்டு வாசலில், ரயிலிலும் பேருந்திலும் சென்றடையும் தொலைவில் நடந்திருக்கிறது.

1994-இல் எழுந்த கேள்விக்கு விடை 2018-இல் கிடைத்தது. அவ்வாண்டு ஜூலையில், மொழியில் ஒரு புதிய கூறைச் சேர்ப்பது பற்றிய நெடிய விவாதத்தின் களைப்போடு, கைடோ தலைமைப் பொறுப்பிலிருந்து விலகினார். தமக்குப் பின் யார் என்று அவர் எவரையும் நியமிக்கவில்லை. மொழியைப் பேணிவந்த நிரலர்கள் பல ஆட்சிமுறைகளை முன்மொழிந்து, விவாதித்து, வாக்களித்து ஒன்றைத் தேர்ந்தனர். 2019-இன் தொடக்கத்தில் ஐவர் கொண்ட வழிநடத்தும் குழு தேர்தல் வழியே பொறுப்பேற்றது. மொழி நிலைத்தது. கால் நூற்றாண்டாக ஒருவரையொருவர் நேரில் கண்டு பழகியோர் அச்சமூகத்தில் இருந்தது அந்த வேளையில் பெருந்துணையாய் அமைந்திருக்கும் என்பது என் எண்ணம். முகம் அறியாதவர்கள் இணைந்து ஒரு பிளவைத் தவிர்ப்பது எளிதன்று.

இத்தகைய மாநாட்டில் என்னதான் நடக்கிறது? முதலில் பயிலரங்குகள், சில மணிநேரம் அமர்ந்து ஒரு திறனைக் கற்கலாம். அடுத்து உரைகள், பெரும்பாலும் அரைமணி நேர அளவில், ஒருவர் தாம் செய்து பார்த்ததை விளக்குவார். மின்னல் உரை என்றொரு வகையும் உண்டு. ஒருவருக்கு 5 நிமிடம். நேரம் முடிந்ததும் கைதட்டி அனுப்பிவிடுவார்கள். முதன்முறை மேடையேறுவோர்க்கு இதைவிட நல்ல வாயில் இல்லை. உரைகளுக்கு இடையே நடைக்கூடத்தில் நிகழும் உரையாடல்கள் உரைகளுக்கு இணையான மதிப்புடையவை என்று பலமுறை சென்று வந்தோர் கூறுவர். பல மாநாடுகளில் இறுதியாகக் கூட்டுப்பணி நாள்களும் உண்டு. பலரும் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்து, மொழியிலும் அதன் நூலகங்களிலும் உள்ள குறைகளைக் களைவார்கள். தட்டச்சுப் பிழை ஒன்றைத் திருத்தும் மாணவருக்கும் அங்கே இடம் உண்டு.

இந்த முறை தமிழுக்குப் புதிதன்று. தொல்காப்பியத்திற்குப் பனம்பாரனார் எழுதிய சிறப்புப் பாயிரம், அந்நூல் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசான் முன் ஆராயப்பட்டதைக் கூறுகிறது. இலக்கணம் வகுத்தவர் எத்துணைப் புலமையுடையவராயினும், அதை அவையின் முன் வைத்து, வினாக்களுக்கு விடை கூறிய பின்னரே அது நூலாயிற்று. பைத்தான் மொழியிலும் புதிய கூறு ஒன்றைச் சேர்க்க விரும்புபவர், அதன் தேவையையும் அதற்கு எழக்கூடிய மறுப்புகளையும் எழுதி முன்மொழியவேண்டும். 2000-ஆம் ஆண்டு முதல் அந்த முன்மொழிவுகளுக்கு எண்ணிட்டுக் காத்து வருகிறார்கள். அரங்கேற்றம் என்னும் சொல்லை நாம் மறக்காதிருந்தால், அவர்கள் செய்வது நமக்கு நன்றாகவே விளங்கும்.

அந்த முன்மொழிவுகளுள் ஒன்று நம்மை நேராகத் தொடுகிறது. தொடக்ககாலப் பைத்தானில் மாறிகளின் பெயர்களை ஆங்கில எழுத்துகளால் மட்டுமே எழுத முடியும். 2007-இல் மார்ட்டின் ஃபான் லோவிஸ் என்னும் ஜெர்மானிய நிரலர், உலகின் பிற எழுத்துமுறைகளுக்கும் இடமளிக்கவேண்டும் என்று முன்மொழிந்தார். எல்லாருக்கும் புரியாத எழுத்தில் நிரல் எழுதினால் பகிர்ந்துகொள்வது கடினமாகும் என்று மறுத்தோரும் இருந்தனர். விவாதத்தின் முடிவில் முன்மொழிவு ஏற்கப்பட்டது. 2008 டிசம்பரில் வெளிவந்த மூன்றாம் பதிப்பில் இடம்பெற்றது. இன்று ஒரு மாணவி தன் நிரலில் ‘மதிப்பெண்’ என்று தமிழிலேயே ஒரு மாறிக்குப் பெயரிடலாம். அந்த வாயிலைத் திறக்க வாதாடியவர் தமிழர் அல்லர். தம் மொழியையும் பிறர் மொழிகளையும் மனத்தில் கொண்டு ஒருவர் எழுந்து பேசியதால் நாமும் பயன் பெற்றோம்.

நாம் எழுந்து பேசவேண்டிய செய்திகளும் உள்ளன. ஒன்றைக் காட்டுகிறேன். ‘தமிழ்’ என்னும் சொல்லில் எத்தனை எழுத்து? தொடக்கப்பள்ளிப் பிள்ளையும் மூன்று என்று சொல்லும். பைத்தானைக் கேட்டால் ஐந்து என்கிறது. தகரம், மகரம், இகரத்தின் குறி, ழகரம், புள்ளி என ஐந்து குறிகளாக அச்சொல் கணினியில் சேமிக்கப்பட்டிருக்கிறது. பைத்தான் குறிகளை எண்ணுகிறது; நாம் எழுத்துகளை எண்ணுகிறோம். அச்சொல்லைப் பின்னிருந்து முன்னாகத் திருப்பச் சொன்னால், புள்ளி ழகரத்தைவிட்டுப் பிரிந்து முதலில் வந்து நிற்கும். அகரவரிசையும் அப்படியே. நம் அகராதியில் ‘அவை’ முன்னும் ‘அழகு’ பின்னும் வரும். வகரத்தை அடுத்துத்தானே ழகரம்? குறியீட்டு எண்களின் வரிசையில் ழகரம் வகரத்திற்கு முந்தியது. ஆகவே பைத்தானின் இயல்பான வரிசைப்படுத்தலில் ‘அழகு’ முந்திக்கொள்ளும்.

ஒரு தமிழாசிரியர் தம் வகுப்புக்கு ஒரு சொல் விளையாட்டையோ சிறு அகராதியையோ நிரலாக எழுத முனைந்தால், முதல் நாளிலேயே இந்தத் தடைகளைச் சந்திப்பார். இவற்றைக் கடக்க ‘ஓப்பன் தமிழ்’ போன்ற கட்டற்ற நூலகங்கள் உள்ளன. அவை இருப்பது, சிலர் இச்சிக்கலைத் தம் சிக்கலாக ஏற்று உழைத்ததால்தான். ஆயினும் கருவியை ஆக்குவோர்க்கு இச்சிக்கலின் உருவம் தெரியவேண்டுமல்லவா? எழுத்து என்பது எது என்று அவர்களுக்குச் சொல்லத் தகுந்தவர் யார்? நன்னூல் படித்தவரும், ‘உயிர்மெய்’ என்று கரும்பலகையில் எழுதிப் பாடம் நடத்தியவரும் அல்லரோ?

இவ்விடத்தில் ஓர் ஐயம் எழலாம். தமிழ்க் கணிமைக்கென்றே மாநாடுகள் உள்ளனவே என்பீர்கள். உண்மை. 1997-இல் சிங்கப்பூரில் நடந்த தமிழிணைய மாநாடு அதற்குத் தோற்றுவாய். 2000-இல் மீண்டும் சிங்கப்பூரில் கூடியபோது உத்தமம் அமைப்பு உருப்பெற்றது. 2001-இல் கோலாலம்பூர் அம்மாநாட்டை ஏற்று நடத்தியது. இந்த இரு நாடுகளின் தமிழர் ஆற்றிய பங்கு வரலாற்றில் நிற்பது. அங்கே தமிழறிந்தோர் தமிழறிந்தோருடன் பேசி, தமக்கு என்ன தேவை என்பதைத் தெளிந்துகொள்கிறார்கள். நிரலாக்க மொழியின் மாநாட்டிலோ, தமிழ் என்றால் என்னவென்றே அறியாத, ஆனால் நாளைக்கு நாம் பயன்படுத்தப்போகும் கருவியை இன்று செய்துகொண்டிருக்கும் ஒருவர் எதிரே அமர்ந்திருப்பார். வீட்டில் பேசித் தெளிந்ததை ஊர்ச்சபையில் சொல்வதைப் போன்றது அது. இரண்டும் வேண்டும்; இரண்டாவதில் நம் இருக்கைகளை நாம் வெறுமையாக விடலாகாது.

மாணவர்கள் தயங்குவதற்கு இரு காரணங்கள் சொல்வார்கள். “நான் இப்போதுதான் கற்கிறேன்; வல்லுநர் முன் என்ன பேசுவேன்?” என்பது முதல் காரணம். மாநாட்டுக்கு வருவோரில் தொடக்கநிலையினரும் இருக்கிறார்கள். கற்ற வழி நினைவில் பசுமையாக இருக்கும்போது பேசுபவரால், புதியவர் எங்கே இடறுவார் என்பதை வல்லுநரைவிடத் துல்லியமாகக் காட்ட முடியும். “என் ஆங்கிலம் சரளமாக இல்லை” என்பது இரண்டாவது. அவையில் அமர்ந்திருப்போரில் பலருக்கும் ஆங்கிலம் தாய்மொழியன்று. ஜப்பானியரும் கொரியரும் இந்தோனேசியரும் நிறைந்த அவையில், தெளிவாகப் பேசுவதே சிறப்பு. பலர் தனியே வரும் அவையாதலால், ஒருவரையொருவர் மதித்து நடப்பதற்கான நடத்தை விதிகளையும் இம்மாநாடுகள் வகுத்துள்ளன. பெண் நிரலர்களை ஊக்குவிக்கப் பைலேடீஸ் என்னும் குழு 2011-இல் தோன்றிப் பல நாடுகளில் கிளைத்திருக்கிறது. ஆகவே மாணவியரும் தயங்கவேண்டியதில்லை.

உரைக்கு விண்ணப்பிப்பது எப்படி? மாநாட்டுக்குச் சில மாதங்கள் முன்னரே உரைகளுக்கான அழைப்பு வெளியாகும். ஒரு தலைப்பு, ஒரு சிறு சுருக்கம், உரையின் வரைவு ஆகியவற்றை எழுதி அனுப்பவேண்டும். நம் கட்டுரைப் பயிற்சி இங்கே கைகொடுக்கும். மூன்று வினாக்களுக்கு விடை எழுதினால் போதும்: இதை யார் கேட்கவேண்டும்? கேட்டபின் அவரால் புதிதாக எதைச் செய்ய முடியும்? அதை எந்த வரிசையில் சொல்வேன்? “பைத்தானும் தமிழும்” என்று கடலைப் போல் விரியும் தலைப்பைத் தவிர்க்கலாம். “தமிழ்ச் சொற்களை அகரவரிசையில் அடுக்குவது எப்படி?” என்று குறுகிய தலைப்பை எடுத்தால், தேர்வுக்குழுவினருக்கு உரையின் உருவம் கண்ணுக்குத் தெரியும். தேர்வாகாவிட்டால் மின்னல் உரை இருக்கிறது. பேசும் துணிவு வரவில்லையெனில் தொண்டூழியராகச் செல்லலாம். பதிவு மேசையில் நிற்பவரும் மாநாட்டின் ஓர் அங்கமே. மாணவர்க்குக் குறைந்த கட்டணமும் நிதியுதவியும் வழங்கும் மாநாடுகள் உள்ளன. கேட்டுப் பெறுவதில் தாழ்வில்லை.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு தனி விண்ணப்பம். தமிழாசிரியரும் கணினி ஆசிரியரும் ஒரே பள்ளியில், ஒரே ஆசிரியர் அறையில் அமர்ந்திருக்கிறீர்கள். எழுத்து எது என்பதை ஒருவர் அறிவார். அதை எண்ணும் வழியை மற்றவர் அறிவார். இருவரும் சேர்ந்து, இரண்டு மூன்று மாணவர்களோடு ஒரு சிறு நிரலை எழுதிப் பாருங்கள். ஒரு வெண்பாவின் சீர்களை நேர் நிரை எனப் பிரிக்கும் நிரல் ஒன்று போதும். அதற்குள் குறில், நெடில், ஒற்று என இலக்கணம் முழுவதும் வந்துவிடும். அந்நிரல் எங்கே தடுமாறியது, எப்படித் தீர்த்தீர்கள் என்பதே ஓர் உரை. வேறெந்த நாட்டு நிரலரும் அதைத் தயாரித்துத் தரமாட்டார்.

மேரிலாந்தில் கூடிய அந்த 20 பேரும் தங்கள் மொழி இவ்வளவு தூரம் பயணம் செய்யும் என்று அறிந்து கூடியிருக்கமாட்டார்கள். தாம் பயன்படுத்தும் மொழி தமக்கும் உரியது என்று கருதினார்கள், ஆதலால் வந்தார்கள். பைத்தானில் எழுதும் நம் மாணவருக்கும் அம்மொழி உரியதே. அடுத்த முறை அழைப்பு வெளிவரும்போது, இந்த அவையிலிருந்து ஒரு விண்ணப்பமாவது செல்லட்டும். அதில் தமிழ்ச் சொல் ஒன்று எடுத்துக்காட்டாய் இடம்பெறட்டும்.