இரு கோட்டைக்கும் நடுவே ஒரு புலவர்

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



புறநானூற்றிலே போரைப் பற்றிய வாதங்கள் சில உண்டு. அவற்றைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன். ஆயினும், பேச்சை எங்கள் பாடசாலை ஆசிரியர் ஓய்வறையிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. காரணம், அந்தப் பாடல்களின் பொருளை எனக்கு விளங்கவைத்தது அந்த அறைதான்.

2022ஆம் ஆண்டு பெப்ரவரி 24ஆந் திகதி ரஷ்யப் படைகள் உக்ரேனுக்குள் நுழைந்தன. மார்ச் 2ஆந் திகதி ஐக்கிய நாடுகள் பொதுச்சபையில் அந்தப் படையெடுப்பைக் கண்டிக்கும் தீர்மானம் வந்தது. 141 நாடுகள் ஆதரித்தன; 5 நாடுகள் எதிர்த்தன; 35 நாடுகள் வாக்களியாமல் விலகி நின்றன. விலகி நின்ற நாடுகளில் இலங்கையும் ஒன்று. எரிபொருளுக்காக நாமெல்லாம் வரிசையில் நின்ற காலம் அது. வரிசையிலும் அதே கதை, ஓய்வறையிலும் அதே கதை. இலங்கை செய்தது நடுநிலையா, நழுவலா? பிழை படையெடுத்தவனுடையதா, அவனை அந்த நிலைக்குத் தள்ளியவனுடையதா?

எங்கள் கணித ஆசிரியர் ஒரு பக்கம், நான் மறுபக்கம். யார் எந்தப் பக்கம் என்பது இங்கு முக்கியமன்று. பத்து ஆண்டுகளுக்கு மேலாக ஒரே மேசையில் இருந்து உண்டவர்கள் நாங்கள். அவர் கொண்டுவரும் புட்டில் பாதி என்னுடையது. முதல் நாள் காரணங்களைச் சொன்னோம். இரண்டாம் நாள் பழைய போர்களின் கணக்கை எடுத்தோம். மூன்றாம் நாள் காரணங்கள் தீர்ந்துபோயின. குரல் மட்டும் மிஞ்சியது. "உப்பிடிக் கதைக்க உமக்கு ஆர் காசு தாறாங்கள்?" என்று ஒரு வார்த்தை விழுந்தது. நேயர்களே, அதைச் சொன்னவன் நான்தான். அவர் தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு எழுந்து போனார். அதன்பின் ஏழு மாதங்கள் நாங்கள் பேசவில்லை.

இனிப் புறநானூற்றுக்கு வருவோம். சோழர் குடியிலே நலங்கிள்ளி, நெடுங்கிள்ளி என்று இருவர். இருவருக்கும் இடையே ஆட்சிப் போட்டி. நெடுங்கிள்ளி கோட்டைக் கதவை அடைத்துக்கொண்டு உள்ளே இருக்கிறான். நலங்கிள்ளி வெளியே முற்றுகையிட்டிருக்கிறான். இந்த இருவருக்கும் நடுவே வந்து நிற்பவர் கோவூர்கிழார். இவர் பக்கம் சாராதவர் அல்லர். நலங்கிள்ளியின் படைப் பெருமையையும் கொடைச் சிறப்பையும் பல பாடல்களிற் பாடியவர். இன்றைய பேச்சிற் சொல்வதானால் நலங்கிள்ளியின் 'ஆள்'. இதை மனத்தில் வைத்துக்கொண்டு அவருடைய பாடல்களைப் பாருங்கள்.

புறநானூறு 44ஆம் பாடலில், ஆவூர்க் கோட்டைக்குள் அடைபட்டிருக்கும் நெடுங்கிள்ளியோடு அவர் பேசுகிறார். சோழ நாடு யாருக்கு உரியது என்ற வழக்கை அவர் எடுக்கவேயில்லை. கோட்டைக்குள் நடப்பதைக் காட்டுகிறார். குளத்திற் படியாமலும் நெய்ச் சோற்றுக் கவளம் பெறாமலும் யானைகள் துதிக்கை நிலத்திற் புரளப் பெருமூச்செறிகின்றன, இடிபோல முழங்குகின்றன. பால் இல்லாமற் குழந்தைகள் அலறுகின்றன. பெண்களின் கூந்தலிற் பூவில்லை. வீடுகளில் நீரில்லை. இவ்வளவுக்கும் நடுவே நீ இனிது இருப்பது எப்படி என்று கேட்கிறார். பின்பு இரண்டு வழிகளைக் காட்டுகிறார். அறவழி வேண்டுமானால், இது உன்னுடையது என்று சொல்லிக் கதவைத் திற. மறவழி வேண்டுமானால், போரிடக் கதவைத் திற. இரண்டும் இல்லாமற் கதவடைத்து மதிலுக்குப் பின்னே ஒதுங்கியிருப்பது நாணத்தக்கது என்கிறார்.

எதிரியை அவர் இழித்துப் பேசவில்லை என்பதைக் கவனியுங்கள். மானத்தோடு வெளியே வருவதற்கு ஒன்றல்ல, இரண்டு வாசல்களைத் திறந்து வைக்கிறார். எங்கள் ஓய்வறையில் நாங்கள் ஒருவருக்கொருவர் திறந்துவைத்த வாசல் ஒன்றுகூட இல்லை.

அடுத்தது 45ஆம் பாடல். இப்போது முற்றுகை உறையூரில். இங்கே புலவர் இருவரையும் சேர்த்தே பேசுகிறார். எதிரே நிற்பவன் சூடியிருப்பது சேரனுக்குரிய பனம்பூ அன்று. பாண்டியனுக்குரிய வேம்பும் அன்று. உன் மாலையும் ஆத்தி. உன்னோடு பொருபவன் மாலையும் ஆத்தி. உங்களில் எவர் தோற்றாலும் தோற்பது உங்கள் குடியே. இருவரும் வெல்வதென்பது இயற்கையில் இல்லை. உங்கள் செய்கையைக் கண்டு மகிழப்போகிறவர்கள் உங்களைப் போன்ற பிற வேந்தர்களே. பாடலின் கருத்து இதுதான். தன் அரசன் நலங்கிள்ளிக்கும் இதிற் சலுகை இல்லை. 'உன் செய்கை உன் குடிக்குத் தகாது' என்ற கண்டனத்தில் அவனுக்கும் சரிபாதிப் பங்குண்டு.

பக்கம் சார்வது குற்றமா என்று மாணவர்கள் அடிக்கடி கேட்பார்கள். குற்றமன்று என்றே இந்தப் பாடல் எனக்குச் சொல்கிறது. தான் சார்ந்த பக்கத்தின் முகத்தைப் பார்த்து உண்மையைச் சொல்லும் உரிமையை விட்டுக்கொடுப்பதே குற்றம். கோவூர்கிழார் நலங்கிள்ளியை நேசித்தார். அந்த உரிமையை மட்டும் அவனுக்குக் கொடுத்துவிடவில்லை.

போர் இப்படித் தணியாதிருந்த வேளையில் ஒரு சம்பவம் நடக்கிறது. இளந்தத்தன் என்றொரு புலவன் நலங்கிள்ளியிடமிருந்து புறப்பட்டு உறையூருக்குள் வருகிறான். அங்கிருந்தவன் நெடுங்கிள்ளி. எதிரியிடமிருந்து வருகிறவன் ஒற்றனாகத்தானே இருக்க வேண்டும்! கொல்லத் துணிகிறான். அப்போது கோவூர்கிழார் பாடியது 47ஆம் பாடல். பழுமரம் தேடிப் போகும் பறவைகளைப் போல, வள்ளல்களை நாடிக் கடத்தற்கரிய வழிகளையெல்லாம் கடந்து நெடுந்தூரம் போவது பரிசிலர் வாழ்க்கை. பெற்றதைச் சுற்றத்துக்கு ஊட்டி, ஒளித்து வையாமல் உண்டு, பிறருக்குக் கொடுத்து வாழ்பவர்கள் அவர்கள். பிறருக்குத் தீங்கு நினைக்கத் தெரியாதவர்கள். அவர்கள் செய்யும் பகையெல்லாம், தம்மோடு வாதிட வந்த கல்விமான்களைத் தம் புலமையால் நாணச் செய்வது ஒன்றுதான். இப்படிப் போகிறது அவருடைய வாதம். புலவன் உயிர் பிழைத்தான் என்பதைப் பாடலின் கீழுள்ள குறிப்பால் அறிகிறோம்.

ஒருநாள் உயர்தர வகுப்பில் இந்தப் பாடலை விளக்கிக்கொண்டிருந்தேன். பின்வாங்கில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்து, "சேர், இளந்தத்தன் உண்மையா ஒற்றன்தானா?" என்று கேட்டான். வகுப்புச் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அந்தக் கேள்விக்குப் பாடலில் விடையில்லை. இளந்தத்தன் எங்கிருந்து வந்தான், யார் அனுப்பினார்கள் என்ற விசாரணைக்குள் கோவூர்கிழார் போகவேயில்லை. அவன் எப்படிப்பட்ட வாழ்க்கை வாழ்கிறவன் என்பதையே அரசன் முன் வைக்கிறார். 'எங்கிருந்து வந்தாய்' என்ற கேள்வியை எடுத்துவிட்டு, 'என்ன செய்து வாழ்கிறாய்' என்ற கேள்வியை அங்கே வைக்கிறார். ஓர் உயிர் தப்பியது அந்த மாற்றத்தினால்.

இதை மாணவனுக்குச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே "உமக்கு ஆர் காசு தாறாங்கள்" என்ற என் சொந்த வார்த்தை என் காதில் விழுந்தது. நெடுங்கிள்ளி வாளெடுத்த இடத்தில் நான் ஒரு சொல்லை எடுத்திருந்தேன். இரண்டிற்கும் அடியில் இருந்த எண்ணம் ஒன்றுதான். எனக்கு மாறாகப் பேசுகிறவனுக்குச் சொந்தமாக ஒரு சிந்தனை இருக்க முடியாது. அவன் யாரோ ஒருவனின் ஒற்றன்.

இந்த எண்ணம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை இந்தத் தீவில் எவருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை. 2009ஆம் ஆண்டு வரையான எங்கள் போர்க் காலத்திலே, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் போனவன் என்ற ஒரே காரணத்துக்காக ஐயத்துக்கு ஆளானவர்கள் எத்தனை பேர்! அடையாள அட்டையிலுள்ள பிறந்த ஊரைப் பார்த்தே ஆளை எடைபோட்ட காலம். அவர்களிற் பலருக்காக எழுந்து பேச ஒரு கோவூர்கிழார் இருக்கவில்லை. பள்ளிச் சிறுவனாக அந்தக் காலத்தைக் கண்டவன் நான். கண்டிருந்தும் எங்கோ நடந்த ஒரு போருக்காக அதே வார்த்தையை எடுத்தேன் என்பதுதான் என்னை வெட்கப்படுத்தியது.

வேறு சில பாடல்களையும் விரைந்து பார்த்துவிடலாம். கிள்ளிவளவன் மலையமானின் மக்களை யானைக் காலில் இடப் போகிறான். 46ஆம் பாடலில் அதே கோவூர்கிழார், புறாவின் துன்பத்தைத் தீர்த்த மன்னனின் வழிவந்தவன் நீ என்று முதலில் அவனுக்கு நினைவூட்டுகிறார். இவர்களோ புலவர்களின் வறுமைக்கு அஞ்சித் தம் உணவைப் பகிர்ந்து உண்டவர்களின் வழிவந்தவர்கள் என்கிறார். பின்பு அந்தக் குழந்தைகளைக் காட்டுகிறார். யானையைக் கண்ட வியப்பில் அழுகையை மறந்துவிட்டன. பிறகு கூடிநிற்கும் புதிய முகங்களைப் பார்த்து மிரளுகின்றன. தம்மைக் கொல்ல வந்த யானையை அவை வேடிக்கை பார்க்கின்றன! இவ்வளவும் சொல்லி, கேட்டாய் அல்லவா, இனி உன் விருப்பம் என்று நிறுத்திவிடுகிறார். தீர்ப்பைப் பிடுங்கிக்கொள்ளாமல் அரசன் கையிலேயே விடுகிறார்.

36ஆம் பாடலில் ஆலத்தூர்கிழார், கருவூரை முற்றுகையிட்ட கிள்ளிவளவனோடு பேசுகிறார். கோடரிபட்டுக் காவல் மரங்கள் விழும் ஓசை தன் அரண்மனையிற் கேட்டும், வெளியே வராமல் உள்ளே இருக்கிறான் அந்த அரசன். அப்படிப்பட்டவனோடு போர்முரசு கொட்டிப் பொருவது உனக்கே வெட்கம் என்கிறார். 213ஆம் பாடலில், தன் மக்கள் இருவர்மீதே படையெடுத்த கோப்பெருஞ்சோழனிடம் எயிற்றியனார், அவர்கள் தோற்றால் உன் செல்வத்தை யாருக்கு விட்டுச் செல்வாய் என்று கேட்கிறார். நீ தோற்றால் மகிழப்போவது உன் பகைவரே என்றும் சொல்கிறார். 95ஆம் பாடலில் ஔவையார், அதியமானின் தூதுவராகத் தொண்டைமானிடம் போகிறார். அவன் தன் படைக்கலக் கொட்டிலைப் பெருமையோடு காட்டுகிறான். உன்னுடைய வேல்கள் பீலி அணிந்து, மாலை சூட்டி, நெய் பூசிக் காவலோடு இருக்கின்றன. எங்கள் அரசனுடையவையோ பகைவரைக் குத்தி நுனி முரிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன என்கிறார். புகழ்வதுபோற் சொன்ன இரண்டு வசனங்களில் ஓர் எச்சரிக்கை முழுவதும் அடங்கிவிட்டது. குரலை உயர்த்த வேண்டிய தேவை அவருக்கு இருக்கவில்லை.

போருக்குப் போகிறவனைத் தடுத்து நல்வழிச் சொல்லும் இத்தகைய பாட்டுக்குத் 'துணைவஞ்சி' என்று தனியாக ஒரு துறைப் பெயரே வைத்திருந்தார்கள் நம் முன்னோர். அதற்காக அந்தக் காலத்தைச் சமாதானக் காலம் என்று சொல்லிவிட முடியாது. பகைவர் நாட்டை எரித்ததைப் புகழும் பாடல்களும் அதே புறநானூற்றில் ஏராளம். நெடுங்கிள்ளியையே எடுத்துக்கொள்ளுங்கள். 'காரியாற்றுத் துஞ்சிய' என்ற அடைமொழியோடுதான் அவன் பெயர் நமக்குக் கிடைக்கிறது. ஆவூரிலும் இறவாமல் உறையூரிலும் இறவாமல் காரியாற்றிலே முடிந்தவன் அவன். ஆகவே, புலவர் சொன்ன எல்லாமே பலித்தன என்று நான் சொல்லவில்லை. ஒரு புலவன் பிழைத்தான். சில குழந்தைகள் பிழைத்தன. அது சிறிய காரியமா?

இன்னொன்று. இந்தப் புலவர்கள் யாரோடு பேசினார்கள்? போரை நிறுத்தக்கூடியவனோடு, அவன் முகத்துக்கு நேரே பேசினார்கள். நாங்களோ போரைத் தொடங்கவும் நிறுத்தவும் முடியாத ஒருவரோடு, புட்டில் பாதி தருகிறவரோடு, முழங்கினோம். மொஸ்கோவிலோ கீவிலோ வொஷிங்டனிலோ ஒரு துப்பாக்கிகூட எங்கள் சத்தத்தினால் அடங்கவில்லை. ஒரு மேசைதான் இரண்டாயிற்று.

அப்படியானால் பேசவே கூடாதா? பேச வேண்டும். வாக்குச் சீட்டுள்ள ஒவ்வொருவரும் இன்று ஒரு சிறு அரசர்தான். நமது நாடு எங்கே கை உயர்த்துகிறது, எங்கே விலகி நிற்கிறது என்பதைக் கேட்பது நமது கடமை. ஆனால் கேட்கும்போது, நம் எதிரில் இருப்பவர் மானத்தோடு வெளியே வர ஒரு வாசலைத் திறந்து வைப்போம். நம் பக்கத்துக் குற்றத்தை முதலில் நாமே சொல்வோம். பாலில்லாத குழந்தை எந்தப் பக்கத்துக் கோட்டைக்குள் அழுதாலும் அதை வாதத்துக்கு வெளியே தள்ளிவிடாதிருப்போம்.

அந்த வகுப்பு முடிந்ததும் நான் கணித ஆசிரியரிடம் போனேன். போரைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. "அண்டைக்கு நான் சொன்னது பிழை" என்று மட்டும் சொன்னேன். அவர் சிறிது நேரம் விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டே இருந்தார். பிறகு, "நானும் கொஞ்சம் கூடத்தான் கதைச்சிட்டன்" என்றார். அந்தப் போரைப் பற்றி எங்கள் கருத்துகள் அதன்பின்னும் மாறவில்லை. இடைவேளையில் இன்னும் வாதிடுகிறோம். ஆனால், வாதம் முடிந்ததும் கதவடைப்பதில்லை.