கடலில் தீர்வதும் தீராததும்

(ஜூபிலி விழாக் கருத்தரங்கில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



எடுத்தால் தீர்ந்துபோகும் வளம் ஒன்று, எடுத்தாலும் மீண்டும் உண்டாகும் வளம் மற்றொன்று என்று நம் பிள்ளைகள் பள்ளியில் படிக்கின்றார்கள். நெய்வேலியின் பழுப்பு நிலக்கரி முதல் வகை. மனிதன் தோன்றுமுன் மண்ணில் புதைந்த மரஞ்செடிகள் அவை. வெட்டி எரித்துவிட்டால் அந்தக் குழியில் மறுபடி கரி விளையாது. வெயில், காற்று, மழை, மீன் எல்லாம் இரண்டாம் வகை என்கிறது பாடநூல். மீனைப் பொறுத்தவரை இது பாதி உண்மைதான் என்பது என் கருத்து.

நம் மன்னார் வளைகுடாவையே பாருங்கள். தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961-ஆம் ஆண்டில். முன்னெல்லாம் பார்களைச் சோதித்து, சிப்பி முதிர்ந்திருந்தால்தான் குளிக்க உத்தரவு கிடைக்கும். குளிப்பே இல்லாமல் பல ஆண்டுகள் கழிந்ததும் உண்டு. அவ்வளவு எச்சரிக்கை இருந்தும் அந்த வளம் நின்றுபோயிற்று. எச்சரிக்கையே இல்லாமல் எடுத்தால் என்னவாகும் என்பதற்குப் பவளப்பாறை சாட்சி.

பவளமும் உயிர்தான். பாறையாகத் திரளும் பவளம் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளரும். அதைக் கடப்பாரையால் பெயர்த்து, படகு படகாகச் சுண்ணாம்புக் காளவாய்களுக்கு ஏற்றினார்கள். ஒருவர் ஒரு பொழுதில் பெயர்த்த கல் மீண்டும் வளர அவருடைய ஆயுள் போதாது. வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி இரண்டும் மூழ்கிவிட்டன. அலையைத் தடுத்து நின்ற பாறையைப் பெயர்த்ததே அதற்குப் பெரிய காரணம். தூத்துக்குடிக்கு எதிரேயுள்ள வான்தீவும் பெரும்பகுதி கரைந்துபோன பிறகு, 2015 முதல் சிமெண்டு வார்ப்புகளைக் கடலில் இறக்கி அதைக் காக்க வேண்டியதாயிற்று. கல் பெயர்த்தவருக்கு அன்று கிடைத்த கூலி எவ்வளவு, இன்று ஆகும் செலவு எவ்வளவு!

ஆகவே மீளும் வளம் என்ற பெயரை நம்பி இருந்துவிட முடியாது. அது வளரும் வேகத்தை மிஞ்சி நாம் எடுத்தால், மீனும் நெய்வேலிக் கரியும் ஒன்றுதான்.

2001-இல் 45 நாளாகத் தொடங்கிய மீன்பிடித் தடைக்காலம் இப்போது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். விசைப்படகுகள் கரையில் நிற்க, அரசு தரும் நிவாரணம் அடுப்பெரியப் போதவில்லை என்று தாய்மார்கள் என்னிடம் முறையிடுவது நியாயமே. அதை உயர்த்தக் கேட்டு மனுக் கொடுக்கும்போது நானும் உங்களோடு வருவேன். ஆனால் தடை முடிந்த கையோடு சிறுகண்ணி மடியை இழுத்து, விரல் நீளக் குஞ்சுகளை வாரி, கழிவு மீன் என்று பெயரிட்டுத் தீவன ஆலைக்கு நிறுத்துக் கொடுக்கின்றோமே, இது எந்தக் கணக்கு? 61 நாள் பட்டினி கிடந்து சேர்த்த முதலை ஒரே வாரத்தில் கோழிக்குப் போடுகிறோம். மீன் முட்டையிடுமுன் பிடித்தால் அடுத்த ஆண்டு எது வரும்? இளைஞர்கள் என்மேல் கோபப்படலாம், பரவாயில்லை.

வலைக்கண்ணியின் அளவுபற்றி முடிவு செய்ய, விசைப்படகுக்காரர்களும் நாட்டுப்படகுக்காரர்களும் வரும் ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பின் பங்கு மண்டபத்தில் கூடுகின்றார்கள். அவரவர் மடியில் ஒரு துண்டை வெட்டிக் கையோடு கொண்டு வாருங்கள். அளந்து பார்த்தே பேசுவோம்.