கூட்டம் இருக்கும் இடம் பாதுகாப்பான இடமா?

(மாணவர் வாசிப்பு வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வெளியே போகும்போது எப்படிப் பாதுகாப்பாக இருப்பது என்று உங்களுக்கு நிறைய அறிவுரை கிடைத்திருக்கும். இருட்டிய பிறகு தனியாகப் போகாதே, ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில் நில், கேமரா இருக்கும் பக்கம் நட. என் அப்பா எனக்குச் சொன்னது வேறு. கல்லூரி விடுதிக்குக் கிளம்பிய அன்று, "பஸ்ஸுல எவனாவது எந்த ஊருன்னு கேட்டா டவுன் பேரைச் சொல்லு. தெருப் பேரைச் சொல்லாத" என்றார்.

இப்போது எனக்கு முப்பது வயது தாண்டிவிட்டது. முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். இன்றும் பக்கத்து இருக்கைக்காரர் "தம்பிக்கு எந்த ஊரு?" என்று கேட்டால் ஒரு நொடி யோசித்துத்தான் பதில் சொல்கிறேன். அவர் நல்ல மனிதராகவே இருக்கலாம். ஆனால் "ஊர்ல எந்தப் பக்கம்?" என்பதுதான் அடுத்த கேள்வி என்று எனக்குத் தெரியும்.

பொதுவான அறிவுரை, முகம் தெரியாத திருடனை நினைத்துச் சொல்லப்படுவது. அப்பா பயந்தது நாம் யார் என்று தெரிந்துகொண்டு அடிப்பவனை. அவனுக்கு இருட்டும் தேவையில்லை, தனிமையும் தேவையில்லை.

2016 மார்ச் 13. உடுமலைப்பேட்டை பேருந்து நிலையம் அருகே, பட்டப்பகலில், ஆட்கள் நிறைந்த சாலையில் சங்கரும் கௌசல்யாவும் வெட்டப்பட்டார்கள். பாதுகாப்புக்குச் சொல்லப்படும் எல்லாமே அங்கே இருந்தன: வெளிச்சம், கூட்டம், கேமரா. சங்கர் இறந்தார். கௌசல்யா பிழைத்து வந்து நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். அதற்கு முந்தைய ஆண்டு ஜூனில் கோகுல்ராஜ் கடத்தப்பட்டது திருச்செங்கோடு கோயிலிலிருந்து. மறுநாள் ரயில் தண்டவாளத்தில் அவரது உடல் கிடந்தது. அந்த வழக்கில் முக்கிய சாட்சி பிறழ்ந்துபோனார். கோயில் கேமராவின் பதிவு முக்கிய ஆதாரமாக நின்றது. 2022 மார்ச்சில் மதுரை நீதிமன்றம் குற்றவாளிகளுக்கு ஆயுள் தண்டனை விதித்தது.

கேமரா நீதிக்கு உதவியது, உண்மைதான். ஆனால் அது உயிர் போன பிறகு கிடைத்த உதவி. ஓங்கிய கையைக் கேமரா தடுக்காது. தடுத்தால் மனிதர்தான் தடுக்க வேண்டும்.

இதையே காரணம் காட்டி "அப்படியென்றால் வெளியே போகாதே, காதலிக்காதே" என்று சொல்வார்கள். பெண்களிடம் அதைத்தான் பாதுகாப்பு என்ற பெயரில் சொல்லி வீட்டுக்குள் வைக்கிறார்கள். சாதி கேட்பதும் அதைத்தானே? நாம் ஒதுங்கிக்கொள்வதைப் பாதுகாப்பு என்று ஒப்புக்கொள்ள முடியாது.

என்னைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பேருந்து நிலையத்தில் நான்கு பேர் ஒரு இளம் ஜோடியைச் சுற்றி நின்று, "எந்த ஊருடா? அப்பன் பேரு என்ன?" என்று மிரட்டிக்கொண்டிருந்தார்கள். நான் போனைக் கையில் எடுத்தேன். எடுத்ததைத் திரும்பப் பையில் வைத்தேன். என்னையும் அதே கேள்வி கேட்பார்கள் என்ற பயம். அங்கே பூ விற்றுக்கொண்டிருந்த ஒரு அம்மா எழுந்து போய், அந்த நான்கு பேரிடம் ஒரு வார்த்தைகூடப் பேசாமல், "ஏம்மா, பஸ் எடுக்கப்போறான், இங்க என்ன நிக்கிற?" என்று அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். பையனும் பின்னாலேயே ஓடினான். அவ்வளவுதான். அந்த அம்மாவுக்கு அவர்களை முன்பின் தெரியாது. சாதி ஒழிப்பைப் பற்றி ஆய்வு எழுதுகிற நான் நின்ற இடத்திலேயே நின்றிருந்தேன்.

அன்றிலிருந்து சிலவற்றைப் பழக்கமாக்கிக்கொண்டேன். அடிப்பவனோடு மல்லுக்கு நிற்க முடியாவிட்டால், மாட்டிக்கொண்டவரிடம் தெரிந்தவர்போலப் பேச்சுக் கொடுக்கிறேன். பக்கத்தில் நிற்பவரைப் பொதுவாகக் கூப்பிடாமல் "நீலச் சட்டை அண்ணே, கொஞ்சம் வாங்க" என்று குறிப்பிட்டு அழைக்கிறேன். 112-ஐ அழைக்கிறேன். தள்ளி நின்று வீடியோ எடுத்தால், அதை வாட்ஸ்அப்பில் சுற்றவிடாமல் பாதிக்கப்பட்டவரிடமே கொடுக்கிறேன்.

சட்டத்தையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 15ஏ பிரிவு, சாட்சிகளையும் பாதிக்கப்பட்டவர்களையும் பாதுகாப்பது அரசின் கடமை என்கிறது. கடமையை வேண்டுமென்றே செய்யாத, பட்டியல் சாதி, பழங்குடியைச் சேராத அரசு ஊழியரை 4ஆம் பிரிவின் கீழ் தண்டிக்கலாம். சாதி மறுப்புத் திருமணம் செய்தவர்களுக்கு மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவும் 24 மணி நேர உதவி எண்ணும் வேண்டும் என்று 2018இல் சக்தி வாகினி வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. உங்கள் மாவட்டத்தில் அது இயங்குகிறதா என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட்டுக் கேளுங்கள். இந்த அறையில் இருக்கும் பத்துப் பேர் செய்தாலே போதும், அதிகாரிகள் பதில் சொல்லியாக வேண்டும்.

என் அப்பா சொன்ன அறிவுரையை அடுத்த தலைமுறைக்கு நான் சொல்ல விரும்பவில்லை. தெருப் பேரைத் தைரியமாகச் சொல்லலாம், சுற்றி நிற்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று சொல்ல வேண்டும். அந்தச் சுற்றி நிற்பவர்கள் நீங்களும் நானும்தான்.

ஜெய்பீம்.