உயிர் காக்கும் திருத்தொண்டு

(திருவிழாவையொட்டி நிகழ்த்தப்பெற்ற உரை)



ஆலயத் தொண்டு பலவகைப்படும். பூத்தொடுத்தல், கோலமிடுதல், அன்னதானம் பரிமாறுதல், அப்பரடிகள் காட்டிய உழவாரத் திருப்பணி ஆகிய யாவும் இறைவன் உவக்கும் தொண்டுகளே. அடியார்களின் உயிரைக் காக்கும் தொண்டும் அவ்வரிசையில் வைத்துப் போற்றத்தக்கதாகும். தீயணைப்பு வீரர்களுக்குத் துணை நிற்கும் தொண்டூழியர்களின் பணி அத்தகையது.

1986ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் நாள், சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் நியூ வோர்ல்ட் ஹோட்டல் இயங்கிவந்த ஆறு மாடிக் கட்டடம் ஒரு நிமிடத்திற்குள் இடிந்து தரைமட்டமாயிற்று. தீயணைப்புத் துறையினரும் இராணுவத்தினரும் மீட்புப் பணியில் இறங்கினர். அவ்வேளையில் பெருவிரைவு இரயிலுக்குச் சுரங்கம் அமைத்துவந்த வெளிநாட்டு நிபுணர்கள் தாமாகவே முன்வந்தனர். இடிபாடுகளுக்கு அடியில் சிறு சுரங்கங்கள் குடைந்து உள்ளே தவழ்ந்து சென்றனர். 33 பேர் மாண்டனர். 17 பேர் உயிருடன் மீட்கப்பட்டனர்.

அந்நிபுணர்களிடம் இரக்கம் மட்டும் இருந்திருப்பின் அப்பணி கைகூடியிராது. கற்ற தொழில் அவர்களுக்குக் கைகொடுத்தது. பயிற்சியற்ற துணிவோ, மீட்கச் சென்றவரையே மீட்கப்பட வேண்டியவராக்கிவிடும்.

1989இல் தீயணைப்புத் துறையும் குடிமைத் தற்காப்புப் படையும் ஒன்றிணைந்தன. முதலுதவி, தீயணைப்பான் பயன்பாடு, இதய இயக்க மீட்புச் சிகிச்சை ஆகியவற்றை அப்படை பொதுமக்களுக்குக் கற்பித்து வருகின்றது. 2015இல் அறிமுகமான மைரெஸ்பாண்டர் செயலி, இதயத் துடிப்பு நின்றவரைப் பற்றி அருகிலுள்ள தொண்டூழியருக்கு உடனே தகவல் தருகின்றது. சிறு தீச்சம்பவங்களும் பின்னர் அதில் சேர்க்கப்பட்டன. தீயணைப்பு வண்டி எவ்வளவு விரைந்து வரினும், முதற் சில நிமிடங்கள் பக்கத்தில் நிற்பவரின் கையிலேயே உள்ளன.

இவ்வுண்மை ஆலயங்களுக்கு மிகவும் பொருந்தும். கற்பூரமும் நெய்விளக்கும் வேள்வித் தீயும் வழிபாட்டின் அங்கங்கள். அவற்றின் அருகிலேயே பந்தலும் பட்டாடைகளும் பெருங்கூட்டமும் உள்ளன. 1997 ஜூன் மாதம் தஞ்சைப் பெரிய கோயில் குடமுழுக்கின்போது யாகசாலைப் பந்தலில் தீப்பற்றியது. தீயிலும் நெரிசலிலும் சிக்கி 40க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அத்துயரம் மறக்கத்தக்கதன்று.

ஆதலின், ஒவ்வோர் ஆலயத்திலும் திருவிழாவுக்கு முன்னரே தொண்டர் சிலரேனும் முறையான பயிற்சி பெறுதல் வேண்டும். வெளியேறும் வழிகளில் காலணிகளோ நாற்காலிகளோ பிரசாதப் பெட்டிகளோ கிடத்தலாகாது. தீயணைப்பான் இருக்குமிடத்தைத் தொண்டர் அனைவரும் அறிந்திருத்தல் வேண்டும். அதன் ஊசியை நீக்கி, சுடரின் நுனியை விடுத்து அடிப்பாகத்தை நோக்கிப் பீய்ச்சுதலே முறை. மடைப்பள்ளியில் கொதிக்கும் எண்ணெய் தீப்பற்றினால் நீர் ஊற்றுதல் பெருந்தீங்கு. எரிவாயுவை அடைத்துப் பாத்திரத்தை மூடுதலே தக்கது. ஆடையில் தீப்பற்றியவர் ஓடலாகாது. அவரைத் தரையில் படுக்கச் செய்து உருளச் செய்தல் வேண்டும். தீ பெருகுமாயின் மக்களை வெளியேற்றி, 995 எண்ணை அழைத்து, வரும் வண்டிக்கு வழி காட்டுவதே தொண்டரின் கடமை. அதற்கு மேல் வீரர்களின் பணி.

திருவிழா முடிந்து அடியார்கள் யாவரும் நலமுடன் இல்லம் திரும்பும்போது, இத்தொண்டர்கள் செய்த பணி எவர் கண்ணிலும் படாது. எவரும் மாலை சூட்டார். ஆயினும் இறைவன் திருமுன் அது சிறந்த அர்ச்சனையாகும். இத்தொண்டில் இளைஞரும் மகளிரும் பெருமளவில் இணைய எல்லாம் வல்ல அம்பிகையின் திருவருள் துணைபுரிவதாக!